ஏழு தட்டில் ஒரு ராஜினாமா

(இசை ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு பாட்டைப் பற்றி மாலை முழுக்கப் பேசுவது கொஞ்சம் அதிகப்படிதான். அதுவும் நாலரை நிமிடம்கூட ஓடாத பாட்டு. 1977 மார்ச்சில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பெயர் 'சால்ஸ்பரி ஹில்'. பாடியவர் பீட்டர் கேப்ரியல். 'ஜெனிசிஸ்' என்ற ராக் குழுவின் பாடகராக எட்டு ஆண்டு இருந்துவிட்டு வெளியே வந்தவர். தன் பெயரில் அவர் வெளியிட்ட முதல் சிங்கிள் இது.

சிங்கிள் என்றால் பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட ஏழு அங்குல இசைத்தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று. இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் வீட்டுப் பரணில் சினிமாப் பாட்டுத் தட்டாக அது இன்னும் கிடக்கலாம். ஆனால் நம் பின்னணிப் பாடகர் எந்தக் குழுவிலும் உறுப்பினர் அல்லர். காலையில் ஓர் இசையமைப்பாளர், மாலையில் இன்னொருவர். அவர் குரல் முதல் நாளிலிருந்தே அவருடையது. ராக் குழுவில் நிலைமை வேறு. நாலைந்து பேர் பள்ளிப் பருவத்திலிருந்து ஒன்றாக வாசித்து, ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒரு பொதுப் பெயரைச் சம்பாதிக்கிறார்கள். பாடுகிறவர் அந்தப் பெயரின் முகம். ஒரு நாள் அவர் எழுந்து போகிறார். அப்போது எழும் கேள்வி: ரசிகன் இத்தனை நாள் கேட்டது அந்தக் குரலையா, குழுவையா? முதல் தனிப்பாட்டு வெளிவரும்வரை இதற்கு யாரிடமும் விடை இருக்காது, பாடியவரிடம்கூட.

ஜெனிசிஸ் தெருமுனையில் பிறந்த குழு அல்ல. தெற்கு இங்கிலாந்தில் சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்கார விடுதிப் பள்ளி. அங்கே 1967-ல் சேர்ந்த பையன்கள். கேப்ரியல், பியானோவில் டோனி பேங்க்ஸ், கிட்டாரில் மைக் ரதர்ஃபோர்டும் ஆன்டனி ஃபிலிப்ஸும். அதே பள்ளியின் பழைய மாணவர் ஜோனதன் கிங்தான் அவர்களுடைய முதல் தட்டைத் தயாரித்தார். 1970-ல் டிரம்ஸ் வாசிக்க ஃபில் காலின்ஸ் வந்தார். விளம்பரம் பார்த்து வந்தவர், அந்தப் பள்ளிக் கூட்டத்தைச் சேராதவர். ஃபிலிப்ஸ் விலகிய இடத்துக்கு 1971-ல் ஸ்டீவ் ஹேக்கெட் வந்தார். கேப்ரியல், பேங்க்ஸ், ரதர்ஃபோர்ட், காலின்ஸ், ஹேக்கெட்: இந்த ஐந்து பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இவர்கள் திரும்பி வருவார்கள்.

இவர்கள் செய்தது நீண்ட பாட்டுகள். 1972-ல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் 'சப்பர்ஸ் ரெடி' என்ற ஒரே பாட்டு இருபத்து மூன்று நிமிடம் ஓடும், தட்டின் ஒரு பக்கத்தையே ஏறக்குறைய விழுங்கிவிடும். எந்தப் பாட்டை யார் எழுதினார் என்று தட்டில் இருக்காது. எல்லாப் பாட்டுக்கும் குழு மொத்தத்தின் பெயர். பணத்திலும் சமபங்கு, பெருமையிலும் சமபங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஐந்து பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்றால் அங்கே வலிமையான வாக்கு எது தெரியுமா? 'வேண்டாம்' என்பதுதான்.

கேப்ரியல் அதை முதலில் கடந்தது ஒரு நரித்தலையால். 1972-ல் டப்ளின் நகரில் ஒரு கச்சேரி. பாட்டின் நடுவில் மேடையை விட்டு இறங்கிப் போனவர், மனைவியின் சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு, தலையில் நரிமுகம் கவிழ்த்துத் திரும்பி வந்து நின்றார். குழுவினரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டிருந்தால் விவாதம் நடந்திருக்கும். விவாதத்தின் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். பத்திரிகைகள் அந்தப் படத்தை அட்டையில் போட்டன. குழுவின் கச்சேரிக் கூலியும் ஏறியது. அன்றிலிருந்து வேஷம் வளர்ந்தது. கூடவே மற்ற நால்வரின் புழுக்கமும் வளர்ந்தது. ராகம் கட்டியவர் பேங்க்ஸ், பெயர் வாங்கியது முகமூடி என்றால் யாருக்குத்தான் புழுங்காது?

1974-ல் முறுக்கு முற்றியது. 'த லாம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்று இரட்டைத் தட்டு ஆல்பம். கதை முழுக்கத் தன்னுடையது, அதனால் பாடல் வரிகள் முழுவதையும் தானே எழுதுவேன் என்று கேப்ரியல் பிடிவாதம் பிடித்தார். நடுவில் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின், கேப்ரியல் தட்டுறையில் எழுதிய ஒரு குட்டிக் கதையைப் படித்துவிட்டு அவரைப் பட வேலைக்குக் கூப்பிட்டார். கேப்ரியல் கிளம்பியேவிட்டார். தன்னால் ஒரு குழு உடைகிறது என்று தெரிந்ததும் ஃப்ரீட்கின் பின்வாங்க, இவர் திரும்பி வந்தார். அதே கோடையில் முதல் குழந்தை, சிக்கலான பிரசவம். லண்டன் மருத்துவமனைக்கும் வேல்ஸில் ஒலிப்பதிவு நடந்த வீட்டுக்கும் மாறி மாறி ஓடினார். குழந்தை பிழைக்குமா என்ற கவலையில் அவர் இருக்க, ஆல்பம் குறித்த நேரத்தில் முடியுமா என்ற கவலையில் குழு இருந்தது. இருபத்து நாலு வயதுப் பையன்கள். அந்த வயதில் இதை எப்படிக் கையாள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இதில் யாரையும் வில்லனாக்க நான் தயாரில்லை.

அந்த நவம்பரில், அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரில், கச்சேரிப் பயணம் தொடங்கிய கையோடு, விலகுகிறேன் என்று குழுவிடம் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டும் அடுத்த மே மாதம்வரை எல்லாக் கச்சேரியிலும் பாடினார். விலகும் பாடகர் என்று ஊருக்குத் தெரியாது. மேடையில் இருந்த ஐவருக்கும் தெரியும். 1975 ஆகஸ்டில் செய்தி வெளியானது. ஜெனிசிஸ் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

குழு புதுப் பாடகரைத் தேடியது. வந்தவர்கள் யாரும் சரிப்படவில்லை. வந்தவர்களுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த டிரம்மர் காலின்ஸே கடைசியில் பாடினார். 1976-ல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்' ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம். கேப்ரியலோடு செய்த கடைசி ஆல்பம் பத்தாம் இடத்தில் நின்றது. குரல் போனால் குழு போய்விடும் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது. இந்தப் புது ஆல்பத்தில் இன்னொரு மாறுதல், என் பேச்சுக்கு முக்கியமானது: முதல்முறையாக எந்தப் பாட்டு யாருடையது என்று தனித்தனிப் பெயர் போட்டார்கள். எல்லாவற்றையும் எழுதியது அந்தப் பாடகர்தான் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது அல்லவா? ஒருவர் வெளியே போனதும், உள்ளே இருந்தவர்களும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள்.

கேப்ரியல் இதற்குள் பாத் நகரப் பக்கம் ஒதுங்கியிருந்தார். குழந்தை, காய்கறித் தோட்டம், பியானோ. அங்கே பாத்தீஸ்டன் கிராமத்துக்கு மேலே ஒரு குன்று இருக்கிறது. இருநூறு மீட்டர்கூட உயரம் இல்லை. உச்சி தட்டையாக இருக்கும். இரும்புக் காலத்தில் மக்கள் மேலே கோட்டை கட்டி வாழ்ந்த மேடு. அதன் பெயரைத்தான் பாட்டுக்கு வைத்தார்.

பாட்டில் நடப்பது இவ்வளவுதான். ஒருவன் இரவில் குன்றின் மேல் நிற்கிறான். கீழே ஊர் விளக்குகள். ஒரு கழுகு, ஒரு குரல். அந்தக் குரல் அவனை அழைத்துப் போக வந்திருக்கிறது. பிறகு அவன் தன் அன்றாடத்தைச் சொல்கிறான்: ஏதோ எந்திரத்தின் உறுப்பாக ஆகிவிட்டதை, நண்பர்களிடம் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தை, எந்தக் கயிற்றை அறுப்பது என்ற யோசனையை. ஜெனிசிஸ் என்ற பெயரோ, இசை என்ற சொல்லோகூட வேண்டியிருக்கவில்லை. வேலையை விட நினைத்த எந்த குமாஸ்தாவும் இதைத் தன் பாட்டாக எடுத்துக்கொள்ளலாம். முந்தைய ஆல்பத்தில் நாலு பக்கமும் கதை சொல்லி, அந்தக் கதைக்கு விளக்கமாகத் தட்டுறையில் மேலும் கதை எழுதியவர் இவர். அவரா இவர் என்று கேட்கத் தோன்றும்.

இப்போது பாட்டைக் கேளுங்கள். கேட்கும்போது காலால் தட்டிப் பாருங்கள்.

[பாடலின் முதல் இரண்டு நிமிடங்கள் ஒலிக்கவிடப்பட்டன.]

எத்தனை பேருக்குத் தட்டு நழுவியது? இது ஏழு. நாலு நாலாக எண்ணிப் பழகிய ராக் ரசிகருக்கு ஒரு தட்டு குறைகிற தாளம். கச்சேரிக்குப் போகிற நமக்குச் சிரமமில்லை, மிஸ்ர சாபு ஏழுதான்: தகிட தகதிமி. ஆனால் மிஸ்ர சாபுவில் மூன்றும் நாலும் நொண்டி நொண்டி நடப்பது காதில் விழும். அந்த நொண்டல்தான் அழகே. இங்கே டிரம்ஸ் ஒவ்வொரு தட்டையும் ஒரே கனத்தில் அடித்துக்கொண்டு போகிறது. அதனால் ஏழு என்பதே தெரியாமல், நடை மட்டும் கொஞ்சம் அவசரப்படுவதுபோலத் தோன்றுகிறது. அடுத்த சுற்று எதிர்பார்த்ததைவிட ஒரு தட்டு முன்னால் வந்துவிடுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவில் மட்டும் நாலு தட்டு வருகிறது, அங்கே கால் ஊன்றிக்கொள்கிறது, மறுபடி ஏழு. போகலாமா வேண்டாமா என்று நிற்பவனின் மனதுக்கு இதைவிடப் பொருத்தமான தாளம் எனக்குத் தெரியவில்லை. நாலாண்டு முன்னால் பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டும் ஏழில்தான் வந்தது. ஆனால் அது 'நான் ஏழு' என்று மார்தட்டிக்கொண்டு வரும்.

இந்த ஏழு எங்கிருந்து வந்தது? ஜெனிசிஸிலிருந்துதான். விசித்திரத் தாளங்களில் ஆண்டுக்கணக்காக ஊறியவர் கேப்ரியல். நரித்தலையை விட்டார், இருபத்து மூன்று நிமிடத்தை விட்டார், கதையை விட்டார். தாளத்தை மட்டும் கையோடு எடுத்து வந்து, வெளியே தெரியாமல் உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய குழுவைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பும் பாடகர்கள் பெரும்பாலும் முதல் பாட்டில் சத்தத்தைக் கூட்டுவார்கள். இவர் குறைத்தார். பாட்டு தொடங்குவதே வெறும் அக்கூஸ்டிக் கிட்டாரில்.

அந்தக் கிட்டார் யாருடையது என்பதில்தான் எனக்குச் சுவாரசியம். ஸ்டீவ் ஹன்டர், அமெரிக்கர், ஆலிஸ் கூப்பருக்கும் லூ ரீடுக்கும் வாசித்தவர். பேஸ் கிட்டார் டோனி லெவின், அவரும் அமெரிக்கர். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின், கனடாக்காரர். கொஞ்ச காலம் கழித்துப் பிங்க் ஃப்ளாய்டின் 'த வால்' ஆல்பத்தில் வேலை செய்தவர். ஒலிப்பதிவு டொரான்டோவில். கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃப்ரிப் ஒருவர்தான் சக இங்கிலாந்துக்காரர். அவரும் கச்சேரிப் பயணத்தில் வேறு பெயர் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் மறைவாக உட்கார்ந்து வாசித்தார். நாலு பேரிடம் கேட்காமல் முடிவெடுக்க வெளியே வந்தவர், முதல் வேலையாகக் கேட்பதற்கு ஆட்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்! வித்தியாசம் என்ன? இவர்கள் ஆலோசனை சொல்வார்கள், வாக்களிக்க மாட்டார்கள்.

ஆனால் தயாரிப்பாளருக்கு வாக்கு இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஹியர் கம்ஸ் த ஃபிளட்'. எஸ்ரின் அதில் வாத்தியங்களைக் கொண்டுவந்து கொட்டினார். கேப்ரியலுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஃப்ரிப்பின் சொந்த ஆல்பத்தில் அதே பாட்டை மிக எளிமையாகத் திரும்பப் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் எஸ்ரின் பக்கம் நிற்பது கடினம். 'சால்ஸ்பரி ஹில்' அந்தக் கொட்டலிலிருந்து தப்பியது நம் அதிர்ஷ்டம்.

ஆல்பத்தின் பெயர்? 'பீட்டர் கேப்ரியல்'. அடுத்த ஆல்பமும் 'பீட்டர் கேப்ரியல்'. மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. கடைக்காரர்களும் ரசிகர்களும் அட்டைப் படத்தை வைத்து அடையாளம் சொல்ல வேண்டியதாயிற்று. மழைத்துளி படிந்த காருக்குள் அவர் இருப்பதால் முதலாவது 'கார்'. எட்டு வருடம் பொதுப் பெயருக்குக் கீழே இருந்தவருக்குத் தன் பெயரை நாலு தடவை எழுதிப் பார்க்கத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

பாட்டு பிரிட்டனில் பதின்மூன்றாம் இடம் வரை ஏறியது, அமெரிக்காவில் அறுபத்தெட்டோடு நின்றது. பிரமாதமான வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவரை ஜெனிசிஸின் எந்த சிங்கிளும் பிரிட்டனில் இருபத்தொன்றைத் தாண்டியதில்லை. பங்க் இசை வந்து, நீளநீளமாய் வாசித்தவர்களையெல்லாம் கேலிப்பொருளாக்கிய வருடம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறு வருடம் ஜெனிசிஸ் 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' என்ற சின்னப் பாட்டோடு ஏழாம் இடத்துக்கு வந்தது. போனவரும் குறுகினார், இருந்தவர்களும் குறுகினார்கள், இரண்டு தரப்பும் பிழைத்தது.

மற்ற குழுக்களில் இது எப்படி நடந்தது என்று விரைவாகப் பார்த்துவிடலாம். ராக்ஸி மியூசிக்கின் பிரயன் ஃபெர்ரி குழுவிலிருந்து விலகாமலே 1973-ல் பாப் டிலன் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடித் தனியாக வந்தார்.  த ஸ்மித்ஸ் 1987-ல் உடைந்தது. அடுத்த பிப்ரவரியிலேயே மாரிஸ்ஸி 'ஸ்வேட்ஹெட்' பாடி ஐந்தாம் இடம் பிடித்தார். குழுவாக இருந்தபோது அவர்கள் பத்தைத் தாண்டியதில்லை. ஆனால் மெட்டுக்கு அவர் போன இடம் எது? ஸ்மித்ஸ் ஆல்பங்களில் வேலை செய்த ஸ்டீபன் ஸ்ட்ரீட்டிடமே. ஜார்ஜ் மைக்கேலின் 'கேர்லெஸ் விஸ்பர்' இதைவிட வேடிக்கை. 1984-ல் பிரிட்டனில் அது அவருடைய தனிப்பாட்டு. அமெரிக்காவில் அதே பாட்டு 'வாம்' குழுவின் பெயரோடு விற்றது. குரல் ஒன்று, பாட்டு ஒன்று, யாருடையது என்பது அட்லாண்டிக் கடலில் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இனி காலின்ஸ். ஜெனிசிஸின் இரண்டாவது பாடகருக்கும் ஒரு முதல் தனிப்பாட்டு உண்டு: 1981 ஜனவரியில் வந்த 'இன் தி ஏர் டுநைட்'. திருமணம் முறிந்த காலத்தில், வீட்டில் தனியாக, ரோலண்ட் டிரம் மெஷினையும் சின்தசைசரையும் வைத்துத் தானே பதிவு செய்த பாட்டு. அந்த வீட்டுப் பதிவின் மேலேயே மற்ற ஒலிகளைச் சேர்த்தார்கள். மூன்றரை நிமிடத்துக்கும் மேலாக மெஷின் மட்டும் முணுமுணுக்கிறது. அப்புறம் நிஜ டிரம்ஸ் வந்து விழுகிறது. உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பாட்டு என்றால் அந்த அடிதான்.

அந்த அடி எங்கே பிறந்தது? கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பழைய தோழருக்கு டிரம்ஸ் வாசிக்க வந்தார் காலின்ஸ். கேப்ரியல் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: சிம்பல் கூடாது, கிட்ட வைக்கவே கூடாது. ஸ்டுடியோவுக்குள் இருப்பவர் பேசுவது வெளியே கேட்பதற்கென்று மிக்சரோடு இணைத்த ஒரு மைக் இருந்தது. சின்ன ஒலியையும் பெரிதாக்கி அமுக்கித் தரும் மைக் அது. அது திறந்திருந்தபோது காலின்ஸ் டிரம்ஸ் அடிக்க, அறையே உறுமியது. பொறியாளர் ஹ்யூ பேட்ஜம் அந்த உறுமலைச் சட்டென்று அறுத்து நிறுத்தும்படி அமைத்தார். சிம்பலின் நீண்ட இரைச்சல் குறுக்கே இருந்திருந்தால் அந்த அறுப்பு இவ்வளவு சுத்தமாக விழுந்திருக்காது. அதைக் கேப்ரியல் 'இன்ட்ரூடர்' பாட்டில் வைத்தார். காலின்ஸ் பேட்ஜமைக் கையோடு அழைத்துப் போய்த் தன் பாட்டில் வைத்தார். விட்டுப்போன பாடகரின் ஸ்டுடியோவில் கிடைத்த ஒலிதான், இருந்த பாடகரின் தனிப்பாட்டைத் தூக்கி நிறுத்தியது.

காலின்ஸுக்கும் கேட்க ஆள் தேவைப்பட்டது. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் அதிபர் அஹ்மத் எர்டெகன் கேட்டுவிட்டு, தாளம் எங்கே விழுகிறது என்று சாதாரண ரசிகனுக்குத் தெரியாதே என்றார். அதனால் சிங்கிளுக்காக மட்டும் முன்பகுதியிலும் டிரம்ஸ் சேர்த்தார்கள். ஆல்பத்தில் அந்தக் காத்திருப்பு கெடாமல் இருக்கிறது. நீங்கள் ஆல்பத்தில் உள்ளதையே கேளுங்கள். எர்டெகன் பெரிய மேதை; இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாம். பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. முந்தைய மாதம்தான் சுடப்பட்டு இறந்த ஜான் லெனானின் பாட்டு மேலே இருந்தது.

கேப்ரியலின் வாழ்க்கை நம் பக்கமும் கொஞ்சம் தொடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் 1989-ல் தொடங்கிய ரியல் வேர்ல்ட் நிறுவனத்தின் முதல் வெளியீடு அவருடைய 'பேஷன்' ஆல்பம். அதில் இரட்டை வயலின் வாசித்தவர் எல். ஷங்கர். சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை திரும்பியவர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மைக்கேல் புரூக்கோடு செய்த 'ட்ரீம்' ஆல்பமும் 1995-ல் அங்கேதான் வந்தது.

இந்த உலக இசை ஆர்வம் அவரை ஒருமுறை கடனில் தள்ளியது. 1982 கோடையில் ஷெப்டன் மாலட்டில் வோமாட் என்ற விழாவின் முதல் கூட்டம். பல நாட்டுக் கலைஞர்கள் வந்தார்கள், டிக்கெட் வாங்குகிறவர்கள் போதுமான அளவு வரவில்லை. நஷ்டம் பெரிது, கடன்காரர்கள் கேப்ரியலைத்தான் தேடினார்கள். அப்போது பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் காலின்ஸும் முன்வந்தார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி மில்டன் கீன்ஸ் திடலில் ஒரே ஒரு கச்சேரி, பழைய ஜெனிசிஸ், பழைய பாடகர், வசூல் கடனுக்கு. நல்ல மழை. கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். வேஷ ஆசை எங்கே போகும்? ஜோனதன் கிங் அறிமுகம் செய்தார். ஹேக்கெட்டும் கடைசிப் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்துகொண்டார்.

அன்றைய வரிசையில் பழைய ஜெனிசிஸ் பாட்டுகளுக்கு நடுவே 'சால்ஸ்பரி ஹில்' இருந்தது. உங்களை விட்டுப் போகிறேன் என்று எழுதிய பாட்டை, யாரை விட்டுப் போனாரோ அவர்களே அந்த ஏழு தட்டில் வாசிக்க, அவர் பாடினார். அவர் போன பிறகு குழு எழுதிய 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பாட்டும் இருந்தது. அதற்குக் காலின்ஸ் முன்னால் வந்து பாடினார். கேப்ரியல் பின்னால் போய் டிரம்ஸில் உட்கார்ந்தார். ஏழு தட்டுக்காரருக்கு அந்தப் பாட்டில் கிடைத்தது பதின்மூன்று.